மழைக்காட்டின் ஓரத்தில் பிள்ளை வளர்த்த காலம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நமது பாடசாலையின் நூற்றாண்டு மேடையில் பேச அழைத்தமைக்குச் சங்கத்துக்கு நன்றி. "வைத்தியத்தைப் பற்றிப் பேச வேண்டாம், பிள்ளை வளர்த்த அனுபவத்தைப் பேசுங்கள்" என்று கேட்டார்கள். பிள்ளை வளர்ப்பு ஒருவர் தனியே செய்த வேலையல்ல. கணவர், உம்மா, பக்கத்து வீட்டார் எல்லோரும் கை கொடுத்த வேலை அது. ஆகவே இந்த உரையில் "நாங்கள்" என்றுதான் வரும். வைத்தியத்தை முற்றாக விட்டுவிடுவோம் என்று மட்டும் வாக்குத் தர முடியாது.

2011 ஆம் ஆண்டு எங்கள் இருவருக்கும் இரத்தினபுரி மாவட்டத்தில், கலவானைப் பக்கத்தில், அரசாங்க வைத்தியசாலைப் பணி கிடைத்தது. மூத்த மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நிந்தவூரிலிருந்து அம்பாறை, மொனராகலை, வெல்லவாய, பெல்மதுளை, இரத்தினபுரி என்று ஊர் ஊராகக் கடந்து போக வேண்டும். ஒரு முழு நாள் பயணம். வெல்லவாய வரை காய்ந்த காடு. பெல்மதுளை தாண்டினால் வீதியின் இருபுறமும் ஈரம் சொட்டும். கலவானையிலிருந்து வெத்தாகல, குடாவ வழியாகப் போனால் சிங்கராஜ வனத்தின் வாசல் வந்துவிடும். 1978 இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோள ஒதுக்கமாகவும் 1988 இல் உலக மரபுரிமையாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. அங்குள்ள மரவகைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை.

அங்கே ஆண்டொன்றுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. நமது கரையோரத்துக்குக் கிடைப்பதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. நமக்கு மழையென்றால் மாரி. ஐப்பசியில் தொடங்கித் தையில் முடிந்துவிடும். மற்ற மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அங்கே மழை பெய்யாத மாதம் என்று ஒன்றில்லை. வைகாசியிலும் ஐப்பசியிலும் கொட்டும். மற்ற மாதங்களில் பின்னேரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டாவது போகும்.

இங்கே தங்கைகளுக்கு ஒரு புவியியல் பாடம். ஆனி, ஆடி மாதங்களில் நிந்தவூரில் கச்சான் அடிக்கும். உதடு வெடிக்கும், வாசலெல்லாம் புழுதி, கிணறு அடியில் போய்விடும். அதே நாட்களில் கலவானையில் குடையில்லாமல் வாசலில் இறங்க முடியாது. இரண்டும் ஒரே காற்று. தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, சுமையையெல்லாம் அந்தப் பக்கத்துச் சரிவிலே இறக்கிவிடுகிறது. பிறகு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறிக் கச்சானாக நமது வட்டைகளுக்கு வருகிறது. விடுமுறைக்கு ஊர் வந்த மகள், "அங்க மழைய வெச்சிட்டு இங்க காத்த மட்டும் ஏன் அனுப்புறாங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டதற்குப் பிறகுதான் நாங்களே புத்தகத்தை எடுத்து ஒழுங்காகப் படித்தோம்.

கடலோர மனிதர்களுக்கு மலையில் முதல் எதிரி அட்டை. நடந்து போகும்போது இலையின் நுனியில் நின்று ஆடிக்கொண்டிருக்கும். பிள்ளையின் காலில், கழுத்தில், ஒருமுறை இமையோரத்தில்கூட ஒட்டியிருந்தது. ஊரிலிருந்து வந்த எந்த உறவினரும் அட்டையைக் கண்டு அலறாமல் போனதில்லை. ஆனால் பக்கத்து வீட்டு மூதாட்டி, நாங்கள் எல்லோரும் ஆச்சி என்றே அழைத்த சிங்களப் பெண்மணி, அலறவே மாட்டார். விரல் நகத்தை அட்டையின் வாய்ப்பக்கம் வைத்துப் பக்கவாட்டில் தள்ளுவார், அது விட்டுவிடும். இழுத்துப் பிய்த்தால் புண் பெரிதாகும், கிருமி பிடிக்கும். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைச் சுரந்துவிடுவதால் கடிவாயில் இரத்தம் வெகுநேரம் கசியும். சுத்தமான துணியை வைத்து அழுத்தினால் போதும். வைத்தியப் புத்தகத்தில் இருந்ததும் ஆச்சியின் நகத்தில் இருந்ததும் ஒன்றுதான். மகளுக்கு மூன்று வயதாகும்போது தன் காலில் ஏறிய அட்டையைத் தானே தட்டிவிட்டு, "உம்மா, போயிட்டு" என்பாள்.

அட்டை வெறும் தொந்தரவு, பாம்பு அப்படியல்ல. அந்தப் பக்கத்தில் சிங்களத்தில் குனகட்டுவா என்று சொல்லும் சிறிய விரியன் உண்டு. ஒரு முழம்கூட இருக்காது, காய்ந்த இலையின் நிறம், மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். இலங்கையில் அதிகமானோரைக் கடிக்கும் விஷப்பாம்பு இதுதான். கடித்த இடம் வீங்கி வலிப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும்; சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும். நமது வைத்தியசாலைகளில் உள்ள இந்தியத் தயாரிப்பு விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. குனகட்டுவாவுக்கு அது உதவாது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் தாய்க்கு இரவில் தூக்கம் வருமா?

"வெளியே போகாதே" என்று பிள்ளையை அறைக்குள் வைத்திருக்கலாம். அப்படி வைத்திருந்தால் மழை விட்ட ஒரு மணித்தியாலமும் அவளுக்குக் கிடைக்காது. ஊராரைப் பார்த்தோம். அந்தி சாய்ந்தபின் டோர்ச் இல்லாமல் வாசலில் இறங்க மாட்டார்கள். விறகுக் கட்டையைத் தூக்கும் முன் காலால் தட்டுவார்கள். வீட்டைச் சுற்றி ஆறடிக்குச் சருகு சேரவிட மாட்டார்கள். பிள்ளைகளுக்கும் அந்த மூன்றையும் பழக்கினோம். கடித்துவிட்டால் ஓடக்கூடாது, கயிறு போட்டு இறுக்கக்கூடாது, கீறக்கூடாது, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் விளையாட்டாகவே சொல்லிக்கொடுத்தோம். ஒருவர் பாம்பு கடித்தவராக விழுவார், மற்றவர் ஓடிவந்து காலுக்குப் பலகை வைப்பார். மகன் பாம்பாக வருவதற்கே சண்டை பிடிப்பான்.

மகன் பிறந்தது 2013 இல். நாற்பது நாள் பார்த்துக்கொள்ள உம்மா நிந்தவூரிலிருந்து வந்திருந்தார். வந்த முதல் வாரம் முழுவதும் மழை. பிள்ளைத்துணி ஒன்றும் காயவில்லை. "இதென்னகா ஊர், வானத்துக்கு மூடியே இல்லையா?" என்று உம்மா கேட்டார். ஆச்சி வந்து பார்த்துவிட்டு, துணிகளை அள்ளிக்கொண்டு போய்த் தன் அடுப்புக்கு மேலிருந்த பரணில் விரித்தார். கொறுக்காயும் மிளகும் காயும் பரண் அது. துணி காய்ந்தது, ஆனால் புகை மணத்தோடு வந்தது. அந்தத் துணியைப் பிள்ளைக்குக் கட்டுவதா என்று வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. உம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, ஆச்சிக்குத் தமிழ் தெரியாது. இருவரும் கையாலேயே வாதாடினார்கள்.

வைத்தியர்கள் என்ற முறையில் புகை எங்களுக்கும் கவலையாகவே இருந்தது. ஈரச் சுவரில் பூஞ்சணம், மூடிய சமையலறையில் விறகுப் புகை, இரண்டும் சேர்ந்தால் சிறு பிள்ளைகளுக்கு இழுப்பு வரும். வார்டில் வாரந்தோறும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் உம்மாவே தீர்ப்புச் சொன்னார். அடுப்பு அணைந்து புகை அடங்கிய பிறகு, சூட்டில் மட்டும் துணியைப் போடலாம் என்றார். ஆச்சி அன்றிரவே ஒரு பக்கச் சுவரின் மேல்வரிசைக் கற்களைக் கழற்றிப் புகை போக வழி செய்யச் சொல்லி மகனிடம் சொன்னார். உம்மா ஊர் திரும்பும்போது ஆச்சி இரண்டு போத்தல் கித்துல் பாணி கட்டிக் கொடுத்தார். அடுத்த வருகையில் உம்மா அவருக்குக் கருவாடும் எருமைத் தயிர்ச் சட்டியும் கொண்டு வந்தார்.

நோய் பற்றிப் பேச மாட்டோம் என்று சொல்லவில்லை அல்லவா? இரண்டு காய்ச்சல்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டும் நிந்தவூரிலும் உண்டு.

ஒன்று எலிக்காய்ச்சல். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் கிருமி இருக்கும். காலில் உள்ள சிறு கீறல் வழியே உள்ளே போகும். 2008 இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் என்று பதிவானது. கலவானையில் வயலில் இறங்குவோருக்கும் மாணிக்கக் குழியில் இறங்குவோருக்கும் வரும். நமக்கு வெள்ளாமை வட்டையில் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை தாங்க முடியாமல் வலித்தாலோ, கண் சிவந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ ஒருநாளும் தாமதிக்கக்கூடாது. வயல் வேலை தொடங்கும் முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் முற்காப்பு மாத்திரை கிடைக்கும்.

மற்றது டெங்கு. 2017 இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவாயிற்று. அதுவரை நாடு கண்டிராத எண்ணிக்கை. டெங்குவில் தாய்மாரை ஏமாற்றுவது காய்ச்சல் விடும் நேரம். மூன்றாம், நான்காம் நாள் உடம்பு குளிர்ந்ததும் "அல்ஹம்துலில்லாஹ், சுகமாயிட்டு" என்று நினைப்போம். ஆபத்து அப்போதுதான் தொடங்கலாம். காய்ச்சல் விட்டும் பிள்ளை சோர்ந்து கிடக்கிறதா, வயிறு நோகிறதென்று அழுகிறதா, விடாமல் வாந்தி எடுக்கிறதா, கை கால் சில்லிட்டிருக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று பார்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும்தான். இபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

அந்த ஆண்டில் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து ஒரு தாய் ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிங்களம் அவருக்குக் கொஞ்சம்தான் வரும். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது; பிள்ளை பார்வைக்கு அமைதியாக இருந்தது. தமிழில் பேசத் தொடங்கியதும் அவர் முகம் மாறிற்று. "நேத்து ராத்திரிக்கப்புறம் ஒண்ணுக்கே போகலங்க டாக்டர் அம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. சேலைன் ஏற்றி, மணிக்கொருமுறை நாடித்துடிப்பும் சிறுநீரும் பார்த்து, இரண்டு நாள் பக்கத்திலிருந்தோம். பிள்ளை நடந்து வீட்டுக்குப் போயிற்று.

அந்தத் தாய்க்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பிள்ளை சிறுநீர் கழிக்கவில்லை என்பதைக் கவனித்து வைத்திருந்தார். அதைச் சொல்ல ஒரு மொழியும், அது முக்கியமென்று சொல்ல ஓர் ஆளும்தான் அவருக்கு இல்லாமல் இருந்தது. இந்த நாட்டில் சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியரும் தமிழ் மட்டும் தெரிந்த வைத்தியரும் பாதி வைத்தியர்கள்தான். தங்கைகளே, வகுப்பில் இரண்டாம் மொழிச் சிங்களப் பாடம் வரும்போது கொட்டாவி விடாதீர்கள்.

இனி 2017 வைகாசி. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னால் உயரமான மண்சரிவு மேடு இருந்தது. வீட்டுக்குத் தண்ணீர் மேலேயுள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியே தானாக வரும். அந்தப் பகுதி வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டு மக்களுக்கு ஒரு கணக்குச் சொல்லி வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினால் வெளியேற வேண்டும். மகள் இதைப் பாடசாலையில் கேட்டுவிட்டு வந்து, காலியான பால்மா டின் ஒன்றைத் திறந்த வாசலில் கல் அணைத்து வைத்தாள். நேரான டின் என்றால் அதில் தேங்கும் நீரின் உயரமே மழையின் அளவு. அடிமட்டத்தால் அளந்து தினமும் கொப்பியில் எழுதுவாள். டின்னின் உயரம் பதினைந்து சென்டிமீட்டர், அதாவது 150 மில்லிமீட்டர். "டின் நிரம்பினா நாம போகணும்" என்று தம்பிக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

மே 25, வியாழக்கிழமை பின்னேரம் தொடங்கிய மழை இரவு முழுவதும் விடவில்லை. கணவர் வைத்தியசாலையில் இரவுக் கடமை. வீட்டில் பிள்ளைகளோடு மூவர் மட்டும். டின் நள்ளிரவுக்கு முன்னரே நிரம்பி வழிந்திருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கினால் மேட்டுக்குள் மண் அசைகிறது என்று பொருள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரமும் மின்கம்பமும், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று நின்றுபோவது, இறுகிக்கொள்ளும் கதவு எல்லாம் அதே செய்தியைத்தான் சொல்லும்.

சற்று நேரத்தில் ஆச்சி தன் மகனோடு டோர்ச் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். மேட்டில் நின்ற பலாமரம் சாய்ந்திருக்கிறது என்றார். மகள் டின்னைப் பற்றிச் சொன்னாள், குழாயைத் திறந்து காட்டினாள். ஆச்சி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அடையாள அட்டைகள், மருந்து, பிள்ளைகளுக்கு மாற்றுச் சட்டை, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கும் ஆற்றுக்கும் எட்டாத பாடசாலைக் கட்டடத்துக்குப் போனோம்.

அந்த இரவில் குக்குலே கங்கைப் பகுதியில் 24 மணித்தியாலத்துக்குள் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. நிந்தவூரில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. அந்த வெள்ளத்திலும் மண்சரிவுகளிலும் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி, கேகாலை மாவட்டங்களில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். கலவானை நகரம் நீரில் மூழ்கிற்று. கணவர் மூன்று நாள் வைத்தியசாலையை விட்டு வெளியே வரவில்லை. பாடசாலை மண்டபத்தில் காய்ச்சல் பார்ப்பதும், தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்வதும், கீறல்களுக்கு மருந்து போடுவதும் எங்கள் பங்காயிற்று. நோன்பு தொடங்கவிருந்த வாரம் அது. முதல் சஹருக்கு மண்டபத்துப் பெண்கள் எழுந்து அடுப்பு மூட்டி, சோறும் ஈரப்பலாக்காய்க் கறியும் ஆக்கித் தந்தார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேடு விழவில்லை. பலாமரம் சாய்ந்தபடியே நின்றது. ஒரு வாரம் கழித்து அதிகாரிகள் வந்து பார்த்து, அங்கே குடியிருப்பது பாதுகாப்பில்லை என்று சொன்ன பிறகு நகரப் பக்கம் வீடு மாறினோம். "விழவே இல்லையே, ஏன் ராத்திரி நனைஞ்சு போனோம்?" என்று மகன் கேட்டான். மகள் அதைச் சிங்களத்தில் ஆச்சியிடம் கேட்டாள். ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே, "அடுத்த தடவையும் போவோம்" என்றார்.

பிள்ளைகளின் தமிழ்க் கல்விக்காகவும், வயதாகிவரும் பெற்றோருக்காகவும் 2018 இல் நிந்தவூருக்குத் திரும்பினோம். மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் புதிது. முதல் கிழமையே மகள் மூத்தம்மாவிடம், "மேட்டுக்கு அடையாளம் இருக்கு, கடலுக்கு என்ன அடையாளம்?" என்று கேட்டாள். வீட்டில் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "கடல் பக்கம் போகப்படாது." அவள் கேட்டது அடையாளம். கிடைத்தது பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை பறந்த கதையை உம்மா இன்றும் சொல்வார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாட்டிலேயே அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000 பேருக்கு மேல். அன்று நாங்கள் மருத்துவபீட மாணவர்கள். இந்த மண்டபத்தில் அன்று யாரையும் இழக்காத வீட்டிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் இருப்போம்? சுமாத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் அலை இங்கே வந்ததற்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலம் வரை இருந்தது. அந்த நேரத்தில் நமக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

இப்போது பலர் பிள்ளைகளுக்கு, "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. 2004 இல் நமது கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது அலைதான். கடல் வற்றியது அதற்குப் பிறகு. வற்றிய கடலைப் பார்க்கவும், முதல் அலையில் அகப்பட்டவர்களைத் தேடவும் போனவர்களை அடுத்த அலை கொண்டுபோயிற்று. ஆகவே பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவை இவை: கடல் வழமைக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும், கடலிலிருந்து பெரிய இரைச்சல் கேட்டாலும், நிலம் நடுங்கினாலும், எச்சரிக்கை வந்தாலும் உடனே உள்ளூர்ப் பக்கம் போ, முடியாவிட்டால் பலமான மாடியில் ஏறு. முதல் அலையோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதே. பெரியவர்கள் சொல்லும்வரை திரும்பி வராதே.

கடலைப் போலவே மற்றவற்றுக்கும் அடையாளம் உண்டு. மாரி வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் இடாமலும் கொதிக்க வைக்காமலும் குடிக்கக்கூடாது. களியோடையும் வாய்க்காலும் கலங்கி வேகமாக ஓடும்போது முழங்கால் அளவு நீரும் பிள்ளையைக் கவிழ்த்துவிடும். சுவரில்லாத கிணறு இருக்கும் வளவில் சின்னப் பிள்ளை தனியே விளையாடக்கூடாது. இவற்றையெல்லாம் நம் தாய்மார் அறிவார்கள். அறிந்ததைக் காரணத்தோடு பிள்ளைக்குச் சொல்வதற்குத்தான் நேரம் ஒதுக்குவதில்லை. "போகாதே" என்று சொல்வது சுருக்கமான வேலை. ஆனால் பிள்ளை ஒருநாள் நாம் இல்லாத இடத்தில், நாம் அறியாத ஊரில் நிற்கும். அன்று அதற்கு நமது பயம் உதவாது. எதைப் பார்க்க வேண்டும், பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று பழகியிருந்தால் அது உதவும்.

இதை மனதில் வைத்து, நூற்றாண்டில் நிற்கும் நமது சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, ஆண்டுதோறும் டிசம்பர் விடுமுறைக்கு முன் ஒருநாள், துஆவும் நினைவுரையும் முடிந்த பின், பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பாதுகாப்பான இடத்துக்கு நடத்திக்கொண்டு போய்ப் பழக்குவோம். எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று குறித்து வைப்போம். அடுத்த ஆண்டு அதைக் குறைப்போம்.

இரண்டு, பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானி வைப்போம். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, நேரான டின் போதும். ஒவ்வொரு நாளும் ஒரு மாணவி அளந்து பலகையில் எழுதட்டும். மாரியில் எப்போது வெள்ளம் வருகிறது, எவ்வளவு மழைக்கு எந்த வீதி மூழ்குகிறது என்பது ஐந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளின் கொப்பியில் இருக்கும்.

மூன்றாவது, பெற்றோருக்கு. வைத்தியராகவும், ஆசிரியையாகவும், தாதியாகவும் தூர ஊருக்கு நியமனம் வரும்போது, "பொம்பளப் புள்ள, கைக்குழந்தை வேற, அந்தக் காட்டுக்கா?" என்று தடுக்காதீர்கள். எங்கள் வாப்பாவும் அன்று தயங்கினார். பிறகு தானே வந்து வீட்டைப் பார்த்து, கிணறு இல்லாத ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து, சம்மதித்துத் திரும்பினார். அவர் அப்படிப் பார்த்து விசாரித்த விதத்தைத்தான் நாங்கள் பிள்ளை வளர்ப்பில் பின்பற்றினோம். அந்த ஏழு ஆண்டுகளில் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும், ஆச்சி என்று ஒரு பாட்டியும், மரத்தின் பெயர்களும், மழையின் கணக்கும் கிடைத்தன. ஊரிலேயே இருந்திருந்தால் எங்களால் அவற்றை வாங்கிக் கொடுத்திருக்க முடியாது.

ஆச்சி இன்றும் இருக்கிறார். நோன்புப் பெருநாளுக்கும் சிங்களப் புத்தாண்டுக்கும் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். "அங்கே மழையா?" என்பதுதான் முதல் கேள்வி. மகள் டின்னை அளந்து பதில் சொல்வாள்.

நூறு ஆண்டுகளாகப் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தையும் துணிவையும் தந்த இந்தப் பாடசாலை இன்னும் பல நூறு ஆண்டுகள் தழைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. இங்கே படித்து மறைந்த ராத்தாமாருக்கும், கடல் கொண்டுபோன நம் உறவுகளுக்கும், மண்ணுக்கடியில் போன அந்த மலைநாட்டு மக்களின் குடும்பங்களுக்கும் ஆறுதல் கிடைக்கட்டும்.